250 ஆண்டு பழைய காதல் கடிதத்துக்கு அழலாமா?

தென்திசை:
ஜோ ஹால்டமனின் ‘தி ஃபாரெவர் வார்’ படித்து முடித்தேன். 1974ல் வந்த அமெரிக்க அறிவியல் புனைவு நாவல், அந்த வகைக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. எல்லோரும் போர் நாவல் என்பார்கள். எனக்கு அது காதல் கதை. முடிவைச் சொல்லாமல் பேச வழியில்லை, படிக்காதவர்கள் இப்போதே ஒதுங்கிவிடுங்கள்.

மண்டெலாவும் மேரிகேயும் சிப்பாய்கள். டாரன்கள் என்ற வேற்றுலக இனத்தோடு போர். ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறப்பதால் கப்பலில் சில மாதங்கள் கழிவதற்குள் பூமியில் பல பத்தாண்டுகள் ஓடிவிடும். அந்த மாதங்களை இருவரும் சேர்ந்தே கழித்தவரை கவலையில்லை. பிறகு மேலிடம் ஆளுக்கொரு படைக்கு மாற்றிவிடுகிறது. இனி உயிர் பிழைத்தாலும் பயனில்லை, நடுவில் நூற்றாண்டுகள் விழுந்துவிடும்.

மண்டெலா 3138ல் திரும்புகிறான். போர் எப்போதோ முடிந்திருக்கிறது. 1143 ஆண்டு நடந்த அந்தப் போர் பொய்க் காரணத்தில் தொடங்கியது என்று தெரிகிறது. அவனுக்கென்று ஒரு காகிதம் காத்திருக்கிறது, 250 ஆண்டுக்கும் பழையது. மேரிகே எழுதியது. அவளும் பழைய சிப்பாய்கள் ஐந்து பேரும் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு போர்க்கப்பலை வாங்கிவிட்டார்கள். ஒரு கிரகத்திலிருந்து ஐந்து ஒளியாண்டு போவது, அங்கேயே திரும்புவது, மறுபடி போவது. வெளியே பத்து வருஷம் என்றால் அவளுக்கு ஒரு மாதம்தான் கூடும். அவன் வரும்வரை கிழவியாகாமல் இருக்க இதுதான் வழி.

‘ஒருநாள் எழுநாள்போல் செல்லும்சேண் சென்றார் வருநாள்வைத்து ஏங்கு பவர்க்கு.’ காத்திருப்பவளுக்கு ஒரு நாள் ஏழாக நீளும் என்கிறார் வள்ளுவர். இவள் பத்து வருஷத்தை ஒரு மாதமாக மடித்து வைத்துவிட்டாள். அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

கறார்கண்ணகி:
நம்மூரில் எதைப் படித்தாலும் குறளில் கொண்டுபோய் முடிக்காமல் இருக்க முடியாதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காதல் எங்கே வளர்ந்தது, சொல்லுங்கள். அந்தப் படையில் இன்றிரவு யார் யாரோடு படுப்பது என்பதற்கே பட்டியல் உண்டு. பெண் சிப்பாய் இணங்கியாக வேண்டும், வழக்கமும் அதுதான், சட்டமும் அதுதான். அந்தப் பட்டியலில் ஒரு பெயராகத்தான் மேரிகே அறிமுகமாகிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்று நாலு வரி சொல்ல முடியுமா உங்களால்? புத்தகம் முழுக்க ஆயுதமும் உடையும் கவசமும். கடைசியில் ஒரு கடிதத்தை நீட்டினால் நாம் கண்ணைக் கசக்க வேண்டும். இதற்குப் பெயர் வித்தை.

பழையபுத்தகக்கடை:
கண்ணகி, நீங்கள் படித்தது எந்தப் பதிப்பு? முதலில் தொடராக வந்த பத்திரிகையின் ஆசிரியர் நடுப்பகுதியை, அதாவது இருவரும் பூமிக்குத் திரும்பும் பகுதியை, ரொம்பச் சோர்வாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். ஹால்டமன் வேறொன்று எழுதிக் கொடுத்தார். பழைய பதிப்புகளில் அந்த மென்மையான வடிவம்தான் இருக்கும். மூலப் பகுதி பல வருஷம் கழித்துத்தான் சேர்ந்தது. அதில் மண்டெலாவின் அம்மாவுக்கு வயதைக் காட்டி வைத்தியத்தை மறுக்கிறார்கள். மேரிகேயின் பெற்றோர் பண்ணையில் கொல்லப்படுகிறார்கள். ஊர் என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை, வெறுத்த படைக்கே திரும்பிப் போகிறார்கள். காதல் அங்கேதான் வேர் பிடிக்கிறது.

இன்னொன்று. ஹால்டமன் 1967ல் கட்டாயப் படைசேர்ப்பில் வியட்நாம் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர். கதாநாயகிக்கு வைத்திருப்பது அவர் மனைவியின் திருமணத்துக்கு முந்தைய பெயர். இது தெரிந்தபிறகு அந்தக் கடிதத்தை வித்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கறார்கண்ணகி:
முழுப் பதிப்புதான் படித்தேன். மனைவி பெயரை வைத்தது அழகுதான், ஆனால் அது அவர் வீட்டுச் சங்கதி. புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

லாரன்ட்ஸ் மாமா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இயற்பியல் வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது. கடிதத்தின் கணக்கு இடிக்கிறது. பத்து வருஷம் ஒரு மாதமாக வேண்டுமென்றால் ஒளிவேகத்தில் 99.9965 சதவீதம் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அந்த வேகம் கிடைத்தால் சரி. ஆனால் ஐந்தே ஒளியாண்டில் வேகம் பிடித்து, குறைத்து, திரும்பி, மறுபடி பிடித்து, குறைத்து நிற்க வேண்டுமே! நம் உடம்பு தாங்குகிற 1 ஜி முடுக்கத்தில், அதாவது பூமியின் ஈர்ப்பு அளவில், ஒரு சுற்றுக்கு வெளியே சுமார் 13 வருஷம், கப்பலில் ஏழரை. மிச்சம் பெரிதாக இல்லை.

25 ஜி வைத்தால்கூட ஒரு சுற்றுக்குக் கப்பலில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் முடுக்கத் தொட்டியை, அதாவது அந்த அழுத்தத்தில் உடம்பு நசுங்காமல் காக்கும் தொட்டியை, விட்டு வெளியே வர முடியாது. அப்படியொரு தொட்டியில்தான் மேரிகே ஒருமுறை சாகப் பார்த்தாள் என்பது ஞாபகம் இருக்கட்டும். சுமார் 260 வருஷத்துக்கு 26 சுற்று. கூட்டினால் ஏறக்குறைய 20 வருஷம். 28 வயதில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறாள். உண்மையில் 46 ஆகியிருக்கும்.

தென்திசை:
மாமா, கணக்கு சரியாகவே இருக்கட்டும். 46 வயதில் ஒருத்தி அந்தக் கிரகத்தில் நிற்கிறாள் என்றால் நான் இன்னும் இரண்டு மடங்கு அழுதிருப்பேன்.

கறார்கண்ணகி:
அதேதான்! ஹால்டமன் ஏன் அதை எழுதவில்லை? கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். நீ முப்பதாக இரு, தொண்ணூறாக இரு, எனக்குக் கவலையில்லை, காதலியாக இருக்க முடியாவிட்டால் உனக்குத் தாதியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். அவனுக்குத் தொண்ணூறு வயதாகலாம். அவள் மட்டும் 28ஐத் தாண்டக் கூடாது. ஆறு பேர் சொத்தை அழித்து, ஒரு போர்க்கப்பலை விண்வெளியில் ஓட்டி, எல்லாம் அவள் முகத்தில் சுருக்கம் விழாமலிருக்க. மாமாவின் கணக்கு தப்பைக் காட்டவில்லை, ஆசிரியரின் ஆசையைக் காட்டுகிறது.

தென்திசை:
இது நியாயமான அடி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தப் புத்தகத்தில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் மேலிடம்தான் முடிவு செய்கிறது: எங்கே போவது, எதைச் சுடுவது, யாரோடு படுப்பது. நீங்கள் சொன்ன அந்தப் பட்டியல் அதற்குத்தான் இருக்கிறது. போர்க்கருவி ஒன்றை விலை கொடுத்து வாங்கி, தன் இஷ்டத்துக்கு ஓட்டிய முதல் ஆள் மேரிகே. அவர்களைப் பிரித்த அதே கால வித்தியாசத்தை எடுத்து அவர்களைச் சேர்க்கப் பயன்படுத்துகிறாள். மண்டெலா என்ன செய்தான்? உயிரோடு திரும்பினான், அவ்வளவே. அவள் வெறுமனே பட்டியலில் ஒரு பெயர் என்றால் இதை யார் செய்தது?

பழையபுத்தகக்கடை:
சந்திப்பைக் காட்டவே இல்லையே, அதை யாரும் பேசவில்லை? கடிதத்துக்கு அடுத்த பக்கம் உள்ளூர்ச் செய்தித்தாளின் ஒரு துணுக்கு. 3143ஆம் வருஷம், மேரிகேக்கு ஆண் குழந்தை, எடை 3.1 கிலோ, தாய் பிறந்தது 1977. கட்டிப்பிடித்தல் இல்லை, கண்ணீர் இல்லை. வித்தை காட்டுகிறவன் அந்த இடத்தையா விட்டுவைப்பான்?

கறார்கண்ணகி:
துணுக்கு நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், குழந்தை பெறத்தான் 28 தேவைப்பட்டிருக்கிறது! கப்பலை வாங்கியவளைப் பற்றித் தென்திசை சொன்னதை ஏற்கிறேன். அவளைக் கடைசியில் பிரசவச் செய்தியாக்கியதை ஏற்க மாட்டேன்.

லாரன்ட்ஸ் மாமா:
46க்கு இன்னொரு முடிவு எழுதிப் பார்க்கலாமே. முடுக்கக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.

தென்திசை:
கண்ணகி எழுதட்டும். குறள் சேர்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.