வெள்ளவத்தை வீட்டுக் குழு: மாமாவின் இடது கண்

ரஞ்சி மாமி, காலை 6:40
பிள்ளைகளே, மூன்று நாட்களாக மாமாவின் இடது கண் மங்கலாக இருக்கிறது. இன்று வீரகேசரியை விரித்தவர், எழுத்துகள் புகைக்குள் கிடப்பதுபோலத் தெரிகின்றன என்றார். நுளம்பு பறப்பதாக நினைத்து இரண்டு தரம் கையையும் வீசினார். வலியும் இல்லை, பீளையும் இல்லை. பாமசியில் தந்த துளி மருந்தை விடுகிறோம்.

துளசி, காலை 6:44
மாமி, அந்தப் போத்தலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

துளசி, காலை 7:02
படத்தைப் பார்த்தேன், அதில் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் இருக்கிறது. டொக்டர் பார்க்கும்வரை இனி விட வேண்டாம். புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்காக மாமா எடுக்கும் மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால், எப்போதோ உடலுக்குள் புகுந்து விழித்திரையில் உறங்கிக் கிடந்த டொக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகூட இப்போது விழித்துக்கொள்ளலாம். அது விழித்திரையைத்தான் அரிக்கும். அங்கே வலி தெரியாது என்பதால்தான் பலர் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். இது அதுதான் என்று நான் சொல்லவில்லை. வைரஸாலும் இப்படி வரும். கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். டொக்ஸோபிளாஸ்மா என்றால், சாதாரண ஆட்களில் சிலருக்கு அது தானாகவே ஆறிவிடும், ஆனால் மாமாவைப் போன்றவர்களுக்குப் புண் பெரிதாகலாம், மற்றக் கண்ணுக்கும் மூளைக்கும்கூடப் போகலாம். ஆகவே இன்றைக்கே லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிறுநீரக கிளினிக் புத்தகத்தையும் எல்லா மாத்திரைகளையும் கொண்டு போங்கள். அந்த மாத்திரைகளை நாமாக நிறுத்தவே கூடாது.

பிரதீபன், காலை 7:10
நான் லீவு போட்டுவிட்டேன். எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன், மாமி.

பெரியம்மா, காலை 7:31
பூனையால் வரும் நோய் அல்லவா அது? இன்றைக்கே அந்தப் பூனையை எங்காவது கொண்டுபோய் விடுங்கள்.

துளசி, காலை 7:45
பெரியம்மா, பாவம், அதை விரட்ட வேண்டாம். பூனை முதன்முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரங்கள்வரைதான் இக்கிருமியைக் கழிக்கும்; அந்தக் கழிவும் குறைந்தது ஒரு நாள் கிடந்த பிறகே தொற்றக்கூடியதாக மாறும். மாமா அந்தப் பக்கம் போகாமல், வேறொருவர் கையுறையுடன் தினமும் அள்ளிவிட்டால் போதும். எனக்குப் பூனையைவிடச் சமையலறைதான் கவலை. இறைச்சி உள்ளே சிவப்பாக இருக்கக் கூடாது. வல்லாரைச் சம்பலுக்கு இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். இப்போதைக்கு மாமாவுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் வறையாகச் செய்வதே நல்லது.

பிரதீபன், மாலை 4:20
இப்போதுதான் வந்தோம். பழைய தழும்பு ஒன்றின் ஓரத்தில் புதிதாக வெள்ளைப் புண் இருக்கிறதாம். டொக்ஸோபிளாஸ்மாவாகவே இருக்கும் என்று டொக்டர் நினைக்கிறார். உறுதிப்படுத்தக் கண்ணுக்குள்ளிருந்து சிறிதளவு நீர் எடுத்திருக்கிறார்கள். கோ-ட்ரைமொக்ஸசோல் மாத்திரை தொடங்கியாயிற்று, குறைந்தது ஆறு வாரமாவது எடுக்க வேண்டுமாம். சிறுநீரக டொக்டருடனும் பேசியிருக்கிறார்கள்.

துளசி, மாலை 4:26
நல்ல வேளை. அந்த மாத்திரையால் இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) பொட்டாசியமும் ஏறலாம் என்பதால், இரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள்.

ரஞ்சி மாமி, மாலை 4:41
திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டேன். துளி மருந்துப் போத்தலையும் எறிந்துவிட்டேன், பிள்ளை.