சிவாலய ஓட்டத்தில் பாதி தூரம் கடலுக்கு அடியில் நடந்திருக்கிறேனாம், உதவுங்கள்

மார்த்தாண்டம்: சிவராத்திரிக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோவிலும் நடந்தேன். ஐந்தாவது கோவிலான பொன்மனையில் என் போன் சார்ஜ் தீர்ந்தது. மீதியை மச்சான் போனில் பதிவு செய்தோம். நடந்த தடம் பதிவான இரண்டு ஜிபிஎக்ஸ் கோப்பையும் கணினியில் க்யூமேப்ஷாக் என்ற வரைபட மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்தேன்.

உயரக் கோடு திருமலையில் மைனஸ் 60 மீட்டரில் தொடங்குகிறது. பொன்மனையில் சுவர் மாதிரி 90 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அப்புறம் ஒழுங்காகப் போகிறது. அங்கே அப்படி ஏற்றமே கிடையாது, என் முழங்காலே சாட்சி.

இன்னொன்று, திற்பரப்பில் கல் மண்டபத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தடத்தைப் பார்த்தால் கோதையாற்றை மூன்று தடவை தாண்டியிருக்கிறேன். அந்தப் புள்ளிகளை ஹைட் செய்து மறைத்ததும் சரியானது. ஆனால் கோப்பை மச்சானுக்கு அனுப்பினால், அவன் போனில் மறுபடியும் ஆற்றுக்குள் நிற்கிறேன்!

தக்கலை: தம்பி, ஆற்று விஷயம் சின்னது. ஹைட் செய்த புள்ளி அழியாது, கோப்பிலேயே ஒரு குறிப்போடு கிடக்கும். அந்தக் குறிப்பு க்யூமேப்ஷாக்குக்குத்தான் புரியும், மற்ற செயலிகள் எல்லாப் புள்ளியையும் வரைந்துவிடும். ஃபில்டர் பகுதியில் மறைத்த புள்ளிகளை நிரந்தரமாக நீக்கும் வசதி இருக்கிறது. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அதை ஓட்டுங்கள்.

உயரக் கணக்கில் உங்கள் போன் மேல் தப்பில்லை, நம்ம ஊர்தான் காரணம். ஜிபிஎஸ் உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை, கணக்குக்காக வைத்திருக்கும் வழுவழுப்பான ஒரு பூமி வடிவத்திலிருந்து அளக்கிறது. உண்மையான கடல் மட்டம் அதைவிட மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும். உலகத்திலேயே பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், 100 மீட்டருக்கும் அதிகம். நம்ம மாவட்டத்திலேயே 90 மீட்டருக்கு மேல் வரும். கன்னியாகுமரிக் கரையில் நின்றாலும் திருத்தாத ஜிபிஎஸ் மைனஸ் 90 சொச்சம்தான் சொல்லும்.

உங்கள் செயலி அதைத் திருத்தவில்லை, மச்சானுடையது திருத்தியிருக்கிறது. ஆகவே சேர்த்த தடத்தில் கை வைக்காதீர்கள், மச்சான் பாதியும் 90 ஏறிவிடும். உங்கள் பழைய கோப்பை மட்டும் திறந்து, உயரத்தைக் கூட்டும் ஆஃப்செட் ஃபில்டரை ஓட்டுங்கள். பொன்மனையில் இரண்டு கோப்பும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறதோ அதுதான் கூட்ட வேண்டிய எண். அப்புறம் சேருங்கள்.

குலசேகரம்: எஸ்ஆர்டிஎம் என்ற, நிலத்தின் உயரத் தரவை ஏற்றி, மொத்த உயரத்தையும் அதிலிருந்து மாற்றிவிடலாமே? நான் அப்படித்தான் செய்வேன்.

தக்கலை: செய்யலாம். ஆனால் அது 2000-ல் விண்கலத்தில் இருந்து ரேடாரில் அளந்தது. உங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில் தரையையா அளந்திருக்கும்? மரத்தலையையும் சேர்த்துத்தான். நடந்தவருக்கு அது வேண்டாம்.

மார்த்தாண்டம்: சரியாகிவிட்டது அண்ணா! 94 கூட்டினேன், சுவர் போய்விட்டது. ஆற்றிலிருந்தும் கரையேறிவிட்டேன். மொத்த ஏற்றத்திலிருந்து அந்த 94-ஐக் கழிக்க மச்சான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அது அவன் போனுக்கு மாறிய பிறகு ஏறியதாம்.