வீட்டு நாய் ஜிம்மிக்கு யார் சோறு போடுவது? ‘கொழிஞ்சாம்பாறை வீடு’ வாட்ஸ்அப் குழுவில்

சனிக்கிழமை

சுதா: எல்லோரும் கொஞ்சம் படியுங்கள். நானும் மாமாவும் ஜிம்மியைப் பாலக்காட்டில் டாக்டரிடம் காட்டிவிட்டு இப்போதுதான் வந்தோம். எடை 38 கிலோ. அவளுடைய உடல்வாகுக்கு 30 இருந்தால் போதுமாம். பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடப்பது அடிபட்டதால் இல்லை. இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது, அதன் மேல் எட்டு கிலோ கூடுதல் சுமை.

பெரியம்மா: அடக் கடவுளே. தைராய்டாக இருக்குமோ? நாய்க்கும் வரும் என்கிறார்களே.

சுதா: ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார் பெரியம்மா. தைராய்டு சரியாகத்தான் இருக்கிறது. கருத்தடை ஆபரேஷன் ஆன நாய்க்குத் தேவை குறையும், பசி மட்டும் கூடும் என்று சொன்னார்.

மாமா: நடந்தால் இறங்கிவிடும் அம்மிணி. நாளையிலிருந்து களம் வரைக்கும் நானே இரண்டு வேளையும் கூட்டிப் போகிறேன்.

சுதா: நடை கட்டாயம் வேண்டும் மாமா. மூட்டைச் சுற்றிய தசை வலுவாக இருக்க அதுதான் வழி. ஆனால் நடந்து மட்டும் இறங்காது. ஒரு கிலோமீட்டர் நடந்தால் அவள் எரிப்பது இரண்டு மேரி பிஸ்கட்டுக்குள் அடங்கிவிடும். தட்டில்தான் குறைய வேண்டும். அதனால் ஒரு உதவி. இன்றைக்கு அவளுக்கு யார் என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரும் இங்கே எழுதுங்கள். யாரையும் குறை சொல்ல இல்லை, கணக்குப் பார்க்கத்தான்.

அத்தை: காலையில் இரண்டு நெய் தோசை. இரவு டாக் ஃபுட், பெரிய டம்ளரில் ஒன்று.

அப்புச்சி: காலை டீயோடு மேரி பிஸ்கட் நான்கு. சாயந்திரம் நான்கு.

கவின்: நேந்திரம் சிப்ஸ் சுதாக்கா. கொஞ்சமாகத்தான்.

அம்மாயி (குரல் செய்தி): மத்தியானம் தயிர்சோறு இரண்டு உருண்டை கொடுத்தேன் கண்ணு. தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறது. வாயில்லாச் சீவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குச் சோறு தொண்டையில் இறங்குமா?

மாமா: களத்தில் காயப்போட்ட கொப்பரையையும் கணக்கில் சேர்த்துக்கொள். தினமும் வாயில் ஒரு சில்லு இல்லாமல் அவள் வீட்டுக்கு வருவதே இல்லை.

சுதா: கொப்பரையா! 100 கிராமில் 650 கலோரிக்கு மேல் இருக்கும் மாமா. 30 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கே சுமார் 900 கலோரிதான். அப்புச்சியின் எட்டு பிஸ்கட் 200. ஐம்பது கிராம் கொப்பரை 325. தோசையும் தயிர்சோறும் சிப்ஸும் தட்டுக்கே வரவில்லை, அதற்குள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

கவின்: 900 எப்படி வருகிறது?

சுதா: 30 × 30 × 30 போடு. வருவதற்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடு. அதை 70ஆல் பெருக்கு. அது ஓய்வாக இருக்கும் உடம்புக்குத் தேவையான ஆற்றல். இப்போதைய எடைக்கு இல்லை, போய்ச் சேர வேண்டிய எடைக்குப் போட வேண்டும். டாக்டர் அங்கிருந்து தொடங்கி, எடை இறங்கும் வேகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்.

கவின்: 897.3 வந்தது!

அத்தை: எனக்கு அவள் கொழுகொழுவென்று இருப்பதாகத்தான் தெரிந்தது. லேப்ரடார் நாய் என்றால் இப்படித்தானே இருக்கும்?

சுதா: விலாவைத் தொட்டுப் பாருங்கள் அத்தை. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுகிறதே, சரியான எடையுள்ள நாயின் விலா அப்படித் தட்ட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். டாக்டர்கள் இதை 9 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 4, 5 நல்லது. ஜிம்மி 8.

அத்தை: தடவிப் பார்த்தேன். விலா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அம்மாயி (குரல் செய்தி): அதற்காகப் பட்டினி போடச் சொல்கிறாயா? பசிக்காமலா அப்படிப் பார்க்கும்?

சுதா: இதை உங்களுக்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன் அம்மாயி, கவின் படித்துக் காட்டுவான். லேப் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, ‘வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சொல்கிற ஒரு மரபணுவில் ஒரு துண்டு இருக்காது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர்கள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். ஜிம்மி அந்த நான்கில் ஒன்றா என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பார்வையை வைத்துப் பசியை அளக்க முடியாது என்பது நிச்சயம். இன்னொன்றும் கேளுங்கள். 48 லேப் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்குக் கால் பங்கு குறைத்துக் கொடுத்து, ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோவும் தாமதமாகத்தான் வந்தது. நாயின் ஆயுளில் இரண்டு வருடம் என்பது எவ்வளவு பெரியது அம்மாயி. அவள் நம்மோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அம்மாயி (குரல் செய்தி): இரண்டு வருடமா... அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும், சொல்லு.

சுதா: இனிமேல் நீங்கள்தான் அவளுக்குச் சோறு போட வேண்டும். நீங்கள் மட்டும். காலையில் அத்தை தராசில் நிறுத்து, முழு நாளுக்கும் உரியதை ஒரு டப்பாவில் போட்டு உங்களிடம் தருவார்கள். நீங்கள் சாப்பிடும்போது அதிலிருந்தே ஒரு பங்கு கொடுங்கள். வேறு யாருக்குக் கொடுக்க ஆசை வந்தாலும் உங்களிடம் கேட்டு, அந்த டப்பாவிலிருந்து எடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அப்புச்சி: டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்குமே சாமி?

சுதா: வெள்ளரிக்காய் இரண்டு துண்டு கொடுங்கள் அப்புச்சி. கேரட், வேகவைத்த பீன்ஸ், பூசணி எல்லாம் சரி, உப்பும் எண்ணெயும் வேண்டாம். ஆனால் சாம்பாரிலிருந்து எடுத்த காய் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். திராட்சையும் ஆகாது. தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அத்தை: இப்போது போடும் டாக் ஃபுட்டையே பாதியாகக் குறைத்தால் போதாதா?

சுதா: வேண்டாம் அத்தை. அப்படிக் குறைத்தால் புரதமும் சத்துகளும் சேர்ந்து குறைந்துவிடும். எடை குறைப்பதற்கென்று புரதமும் நாரும் கூடுதலாக உள்ள தீனியை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார். டம்ளரை மட்டும் மறந்துவிடுங்கள், கிராம் கணக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை

மாமா: ஆளியாற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வாய்க்காலில் நீந்த விடலாமா? லேப் நன்றாக நீந்துமே.

சுதா: நீச்சல் மூட்டுக்கு ரொம்ப நல்லது மாமா, உடம்புப் பாரம் காலில் இறங்காது. ஆனால் வாய்க்காலில் இழுப்பு இருக்கும், இந்த எடையோடு அவளால் கரையேற முடியாது. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. இப்போதைக்கு நடையே போதும், காலையில் ஆறரைக்கு முன்னால். மாசி பிறந்ததுமே நம் பக்கம் வெயில் ஏறிவிடுகிறது. கொழுத்த நாய்க்கு உடம்புச் சூடு இறங்கவும் நேரமாகும். சாயந்திரம் போனால் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்கவில்லையென்றால் அவள் பாதமும் தாங்காது. முதலில் பத்து நிமிஷம், அப்புறம் மெதுவாகக் கூட்டலாம். பந்து எறிந்து ஓட விட வேண்டாம், சட்டென்று திரும்பும்போது இடுப்பு வலிக்கும்.

மாமா: சரி அம்மிணி. கொப்பரைக்கு இன்றைக்கே வலை கட்டிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து

மாமா: தேங்காய் எடை போடும் தராசில் நிறுத்தினோம். 36.9.

கவின்: ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது சுதாக்கா!

பெரியம்மா: மூன்று வாரத்துக்கு இவ்வளவுதானா?

சுதா: இதுதான் சரியான வேகம் பெரியம்மா. வாரத்துக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து கரையும். 30 வர ஐந்து, ஆறு மாதம் ஆகலாம். அம்மாயி, உங்கள் கைக்குத்தான் பெருமை.

அம்மாயி (குரல் செய்தி): நேற்று மாடிப்படி ஏறி வந்துவிட்டது கண்ணு, யாரும் தூக்கிவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாரியம்மன் நோம்பி. கிடா வெட்டு, வீடு நிறைய ஒறம்பரை. எத்தனை பேர் கையை நான் பிடிக்க முடியும்?

சுதா: அன்றைக்குத்தான் உஷாராக இருக்க வேண்டும். கிடாக் கொழுப்பு மொத்தமாக உள்ளே போனால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வெந்த எலும்பு குடலைக் குத்தும். பெரியம்மா, அந்த இரண்டு நாள் அவளை வேலந்தாவளத்தில் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

பெரியம்மா: தாராளமாக. வெள்ளிக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து விடச் சொல். டப்பாவும் கூட வரட்டும், எத்தனை கிராம் என்று மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அத்தை: இரண்டு நாளுக்கும் தனித்தனியாக நிறுத்துக் கட்டித் தருகிறேன் அண்ணி.