தேக்காவில் கடைவீடு வாடகைக்கு எடுத்தவர்களின் அனுபவங்கள்

பித்தளைச் சாமான் கடைக்காரர்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பித்தளைச் சாமான்களும் பூசைப் பொருள்களும் விற்று வருகிறேன். கடை தேடுபவர்கள் வாடகைத் தொகையையே பேசிக்கொண்டிருப்பதால், காலி செய்யும்போது எதை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இடத்தைப் பார்க்கச் சென்றபோது, பின்கட்டில் வானம் பார்த்த சிறு முற்றத்துக்கு மேல் முந்திய வாடகைதாரர் பிளாஸ்டிக் தகடுகளால் கூரை போட்டுச் சரக்கு அறையாக்கியிருந்தார். தகடுகள் பழைய மரச்சட்டத்தில் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தன; மழைநீர் வழிந்தோட இடமின்றிப் பக்கச் சுவரில் இறங்கியதால் சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. முகவரோ அதைக் கூடுதல் இடம் என்று பெருமையாகக் காட்டினார்.

லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய முற்றத்தை மூடுவது போன்ற மாற்றங்களுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்த நகலிலோ, கடையைப் ‘பழைய நிலைக்கு’க் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று மட்டுமே இருந்தது. கூரை போட்ட நிலையா, அதற்கு முந்திய நிலையா என்று கேட்டேன். “அக்கம்பக்கத்தில் எல்லாரும் இப்படித்தானே வைத்திருக்கிறார்கள், தம்பி” என்றார் உரிமையாளர். “அப்படியானால் அனுமதிக் கடிதத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள், ஐயா” என்றேன். கடிதம் வரவில்லை. சில வாரங்கள் இழுபறிக்குப் பிறகு அவரே தம் செலவில் கூரையை அகற்றிச் சுவரையும் பூசிக் கொடுத்தார். சாவி வாங்கிய அன்று சுவர், தரை, மரச் சன்னல் எல்லாவற்றையும் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் இருவரும் கையொப்பமிட்டு ஒப்பந்தத்தோடு இணைத்தோம். எனக்குச் சரக்கு வைக்க இடம் குறைந்தது உண்மைதான். ஆயினும் வேறொருவர் போட்ட கூரைக்கு நான் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

தையல் கடை நடத்துபவர்

அண்ணன் எழுதியதோடு கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். மாதம் 8,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடாக 768 வெள்ளி முத்திரை வரி உண்டு. இங்கே கையெழுத்தானால் 14 நாள்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும். உரிமையாளர் பொருள், சேவை வரிக்குப் பதிந்தவராக இருந்தால் மாதந்தோறும் இன்னும் 720 வெள்ளி கூடும். ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியை எட்டாமல், அந்த வரிக்குப் பதிந்துகொள்ளாத என் போன்றவர்களால் அதைத் திரும்பப் பெற முடியாது. எனவே பேசும் வாடகை வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பூமாலை விற்பவர்

நான் எடுத்திருந்தது அரைக்கடை. கடை முழுவதையும் எடுத்திருந்தவர் முன்பக்கத்தில் ஒரு பகுதியை எனக்கு உள்வாடகைக்குக் கொடுத்திருந்தார். தீபாவளி வியாபாரத்தை நம்பிச் சரக்குக்கும் ஆளுக்கும் சொல்லி வைத்திருந்த வேளையில், அவருடைய ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றும், உள்வாடகைக்கு விட உரிமையாளர் சம்மதித்ததே இல்லை என்றும் தெரிய வந்தது. நான் கொடுத்த முன்பணத்துக்கு அவர் கையால் எழுதிய ரசீது ஒன்றுதான் இருந்தது. அதில் பாதியைத்தான் மீட்க முடிந்தது.

2024 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சில்லறை வணிக இடங்களுக்கான வாடகை ஒப்பந்தச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கே பொருந்தும் என்பதால், மாதக்கணக்கில் வாய்ப்பேச்சாக இடம் பிடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கைகொடுப்பதில்லை. ஆகையால் இப்போதைய இடத்துக்கு, உள்வாடகைக்குச் சம்மதம் என்று உரிமையாளரிடமே எழுதி வாங்கினேன். அஞ்சடி, அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு அமைந்த நடைபாதை, பொதுமக்கள் நடக்கும் வழி என்பதால், மாலைகளைக் கடை வாசலுக்கு உள்ளேயே தொங்கவிடுகிறேன்.