பாதாள ரயிலின் ட்ரெயின் ஸ்டாப்: தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மகனின் பாடசாலைக் கண்காட்சிக்கு லண்டன் பாதாள ரயிலின் சிக்னல் மாதிரி ஒன்று செய்கிறோம். கொழும்பில் பாதாள ரயில் இல்லை, மருதானைப் பக்கம் கலர் லைட் சிக்னல் பார்த்ததோடு சரி. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அடிப்படை விளங்குகிறது. சிக்னல் சிவப்பில் இருந்தால் தண்டவாளத்தின் ஓரத்தில் ட்ரெயின் ஸ்டாப் என்ற ஓர் இரும்புக் கை நிமிர்ந்து நிற்கும். சாரதி கவனிக்காமல் தாண்டினால், அது பெட்டியின் அடியில் தொங்கும் ‘ட்ரிப்காக்’ என்ற பிரேக் வால்வைத் தட்டிவிடும். உடனே அவசர பிரேக் விழும். கையைக் கீழே இறக்குவது அழுத்தக் காற்று, மேலே தூக்குவது ஸ்பிரிங். காற்று போனாலும் கை தானாக நிமிர்ந்துவிடும். இதை யோசித்தவன் கெட்டிக்காரன்! ரயில் நிற்பதற்கான தூரத்தையும் சிக்னலுக்கு அப்பால் காலியாக விட்டிருப்பார்கள்.

இரண்டு இடத்தில் சிக்கிவிட்டோம்.

முதல் பெட்டி சிக்னலைத் தாண்டியதும் அது சிவப்பாகிவிடுகிறதே, அப்போதே கை எழும்பினால் பின்னால் வரும் பெட்டிகளில் அடிபடாதா?

அடுத்தது, 1975இல் லண்டன் மூர்கேட் பாதாள ரயில் நிலையத்தில் ரயில் நிற்காமல் முட்டுச்சுவரில் மோதி 43 பேர் இறந்த பிறகு, கடைசி நிலையங்களில் ரயில் மெதுவாக வந்தால் மட்டும் கை இறங்கும்படி செய்தார்கள். அந்த நேரக் கணக்கைச் சின்ன மாதிரியில் எப்படிக் காட்டலாம்? டைமர் ரிலே (குறித்த நேரம் கழித்து இயங்கும் சுவிட்ச்) போதுமா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கையை அசைக்க 12 வோல்ட் சொலினாய்ட் (மின்காந்தச் சுருள்) எந்தப் பக்கம் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். ரயில்வேயில் வேலை செய்த அண்ணன்மார், ஐயாமார் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.