காதில் வைத்தால் கேட்காத போன், காதுக்குப் பின்னால் வைத்தால் கேட்கிறது. உதவி!

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அம்மாவுக்குப் போனைக் காதில் வைத்தால் பேச்சு புரிவதில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் நன்றாகக் கேட்கிறதாம். எலும்பு வழி ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் போதுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:
எந்தக் காது? வயது என்ன? சீழ் வடிகிறதா?

தோப்புக்காரர்:
அழுக்குதான் தம்பி. என் அப்பாவுக்கும் இதே கதை. சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது.

சுருதிப்பெட்டி:
செவிப்பறையில் ஓட்டை இருந்தால்? டாக்டர் பார்க்காமல் எதையும் விடாதீர்கள்.

மூத்தவன்:
வயதும் இல்லை, சோதனைத் தாளும் இல்லை. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் நல்லது. காற்றில் வரும் சத்தம் செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள் வழியாக உள்காதுக்குப் போகிறது. மண்டையோடு அதிர்ந்தால் உள்காதின் திரவமும் நேரே அதிரும். ஜெர்மன் மருத்துவர் ரின்னே 1855-இல் இசைக்கவையைக் காதருகிலும் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்துச் சொன்ன சோதனை இதுதான். அம்மாவுக்கு நடுக்காதில் கோளாறு, நரம்பு நன்றாக இருக்கிறது.

தோப்புக்காரர்:
அப்படியென்றால் நரம்பு கெட்டவர்களுக்கும் அந்த ஹெட்போன் உதவுமே?

மூத்தவன்:
உதவாது. எந்த வழியில் வந்தாலும் காக்ளியா என்ற உள்காதுச் சுருளுக்குள் அதே சவ்வுதான் அசைய வேண்டும். ஹங்கேரிய இயற்பியலாளர் வான் பெக்கேஷி 1932-இல் காற்று வழி ஒலியால் எலும்பு வழி ஒலியை அழித்தே காட்டினார்.

சுருதிப்பெட்டி:
அது சரி. ஆனால் 'நேரே' என்பது பாதிதான். குட்டி எலும்புகள் மண்டையோட்டின் அசைவுக்குப் பின்தங்குவதாலும் ஒலி உள்ளே போகிறது. காதுக்குழாயின் சுவரும் அதிர்ந்து குழாய்க்குள் சத்தம் எழுப்புகிறது. காதை விரலால் அடைத்து 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள், குரல் பெரிதாகும்.

மூத்தவன்:
கேட்டவருக்கு இதெல்லாம் எதற்கு?

சுருதிப்பெட்டி:
இது அவருக்குத் தேவை: ஒரு பக்க எலும்பை அதிரவைத்தால் இரண்டு உள்காதுக்கும் ஏறக்குறைய சமமாகப் போய்விடும். அம்மா நல்ல காதால் கேட்டிருக்கலாம். அதனால் 'நரம்பு நன்றாக இருக்கிறது' என்று இப்போதே சொல்லக் கூடாது. மறு காதில் இரைச்சல் போட்டு மறைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

தோப்புக்காரர்:
பாலக்காட்டில் காட்டுங்கள்.

சுருதிப்பெட்டி:
கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போவது சுலபம்.

தோப்புக்காரர்:
பஸ் வசதி பாலக்காட்டுக்குத்தான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பொள்ளாச்சியில் பார்த்தாயிற்று. வலது காது, செவிப்பறையில் ஓட்டை. சின்ன வயதில் சீழ் வடிந்ததாம், இப்போதுதான் சொல்கிறார். இடது காதில் இரைச்சல் போட்டுத்தான் சோதித்தார்கள். எலும்பு வழி நன்றாக இருக்கிறது, காற்று வழி 35 டெசிபல் குறைவு. அறுவை சிகிச்சை பற்றிப் பேச மறுபடி வரச் சொன்னார்கள். ஹெட்போன் வாங்கவில்லை. நன்றி அக்கா.

சுருதிப்பெட்டி:
அதுவரை தலைக்குக் குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.