போலந்துக்காரர்கள் சிரிக்கவே மாட்டார்களா?

செம்பூர்வாசி:
ஆறு மாதமாக இங்கே மும்பையிலிருந்து போலந்தின் கிராக்கூவ் நகர அலுவலகத்தோடு வேலை பார்க்கிறேன். வீடியோ அழைப்பில் வணக்கம் சொன்னால் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, நேராக வேலைப் பேச்சுதான். "எல்லாம் ரஷ்யாக்காரன் மாதிரிதான்" என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். அடுத்த மாதம் நேரில் போகிறேன், மொழி கொஞ்சம் பழகலாமா?

மாட்டுங்கா அண்ணன்:
தம்பி, அந்த ரஷ்யா பேச்சை அங்கே எடுக்கவே எடுக்காதீங்க. இங்கே நம் எல்லாரையும் 'மதராசி' என்று ஒரே மூட்டையில் கட்டும்போது எப்படி எரிகிறது? ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டதில் 1795 முதல் 1918 வரை வரைபடத்திலேயே இல்லாமல் போன நாடு அது. அந்த நாட்டை நினைத்துத்தான் அங்கே பிறந்த மேரி கியூரி 1898இல் தான் கண்ட தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார்.

தாராவி தமிழ்:
தாராளமாகப் பழகுங்க. அவர்களுக்கு ஏழு வேற்றுமை, நமக்கு எட்டு, அதனால் பாதி பயம் போய்விடும். உச்சரிப்புதான் படுத்தும்: நான் 'லோட்ஸ்' என்று படித்த ஊர் கடைசியில் 'வூச்'! புதியவரை ஒருமையில் அழைக்காதீங்க, ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி. தெரியாதவரிடம் சும்மா சிரிக்கும் பழக்கம் அங்கே குறைவு, அதைக் கோபம் என்று எடுக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, சொல்லாமல் வரும் விருந்தாளிக்காக ஒரு தட்டைக் காலியாக வைக்கிறவர்கள் அவர்கள்.

செம்பூர்வாசி:
அந்தத் தட்டு மனசில் நின்றுவிட்டது. சரி, இன்றே அவர்கள் வணக்கமான 'ஜென் தோப்ரி'யில் ஆரம்பிக்கிறேன்.